ஐ விழுந்த தலைப்பு

அன்று காலை தம்பி என்னிடம் கடைசியாகக் கேட்டது பசை டப்பாவின் மூடியைப் பற்றி. சாப்பாட்டு மேசையில், அவன் நூலகராக வேலை பார்த்த பள்ளிக்கூடத்து அகராதி ஒன்று குப்புறக் கிடந்தது. முதுகு பிரிந்து போனதை முந்தின நாள் தைத்து ஒட்டி, நன்றாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி மேலே வைத்திருந்தான்.

"அக்கா, பசை மூடி எங்க? இப்படியே விட்டா காஞ்சு கல்லாயிடும்."

"உன் காதுக்குப் பின்னால பாரு."

"காதுக்குப் பின்னால பென்சில்தான் இருக்கு."

"அப்ப அத வச்சு மூடு."

என் மகள் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "மாமா, நீங்க அது மேலதான் உக்காந்திருக்கீங்க" என்றாள். தம்பி துள்ளி எழுந்து நாற்காலியைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அவள் சும்மா சொல்லியிருக்கிறாள்.

"வாத்தியாரம்மாவுக்கு இன்னிக்கு லைப்ரரில எடம் கிடையாது. வெளிய நின்னு படிக்கட்டும்" என்று அவள் பின்னலை இழுத்தான். அவளுக்கும் அதே பள்ளிதான்.

டப்பாவின் மேல் ஒரு பாலிதீன் தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டான். அகராதியைப் பையில் வைத்துக்கொண்டு மகளோடு படியிறங்கினான். ஏழே முக்கால் இருக்கும். எட்டரைக்கு நானும் கிளம்பினேன்.

இதை எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்ததைப் பார்த்ததாக எழுதுவேன். பிறர் சொன்னதைப் பிறர் சொன்னதாக எழுதுவேன். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லியிருந்தால் இரண்டையும் எழுதுவேன். என் தொழில் அப்படி.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். மருந்துப் பெட்டிக்குள் நாலாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் பிரித்துப் படிக்காத தாள், அதைத்தான் நாங்கள் அச்சடிக்கிறோம். எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து மூலத்தை வாய்விட்டு வாசிப்பார். நான் அடிக்கோலை வரி வரியாக நகர்த்தி அச்சுப்படியைப் பார்ப்பேன். அவருக்கு 'கமா' என்று பெயர். நிறுத்தற்குறிகளையும் வாய்விட்டு வாசித்து வாசித்து, சாதாரணப் பேச்சிலும் அது வந்துவிடும். "டீ குடிச்சிட்டு வரலாமா கமா இல்ல இந்தப் பக்கத்த முடிச்சிட்டுப் போலாமா கேள்விக்குறி" என்பார். ஒருமுறை 'கொடுக்கக் கூடாது' என்பதில் கடைசிச் சொல் அடுத்த வரிக்குப் போய், அந்த வரியே அச்சில் வராமல், இருபதாயிரம் தாளைக் கிழித்துப் போட்டோம். அதன் பிறகு எங்கள் இருவருக்கும் எழுத்தைக் கண்டாலே கொஞ்சம் பயம்.

பதினொன்றேகால் மணிக்குப் பள்ளியின் எழுத்தர் கூப்பிட்டார். "உங்க தம்பிக்கு அடிபட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார். அடி என்றுதான் சொன்னார். கமா என் பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே தம்பி இறந்துவிட்டிருந்தான். மருத்துவர் சொன்னது, ஒரே குத்து, விலா எலும்புக்குக் கீழே. காவலர் ஒருவர் சொன்னது, பள்ளியைவிட்டு நீக்கப்பட்ட ஒரு மாணவன் கத்தியோடு வந்திருக்கிறான், பதினேழு வயது, அவனுக்கும் கை கிழிந்து அதே மருத்துவமனையில் மாடியில் தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கீழே, அவன் மாடியில். அன்று மதியம் அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மகளைப் பள்ளியிலிருந்து என் பக்கத்து வீட்டம்மா அழைத்து வந்தார். அவள் வேறு கட்டடத்தில் வகுப்பில் இருந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. "அம்மா, என்னென்னமோ சொல்றாங்க" என்றாள்.

"யாரு?"

"பசங்க. எல்லாரும் ஃபோன்ல பாத்துட்டுத்தான் சொல்றாங்க. மாமாதான் குத்தினாராம்."

கமா தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கையை நீட்டினேன். தயங்கித்தான் கொடுத்தார். ஊரில் அதிகம் விற்கும் பத்திரிகையின் இணையப் பக்கம். பெரிய எழுத்தில் ஒரே வரி:

பள்ளி நூலகர் குத்திய மாணவர் மருத்துவமனையில் அனுமதி

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வரியில் முதலில் என் கண்ணில் பட்டது தம்பி இல்லை, பிழை. 'நூலகரைக் குத்திய' என்று இருக்க வேண்டும். ஐயும் விழுந்திருக்கிறது, ஒற்றும் விழுந்திருக்கிறது. விரல் தானாகப் பேனாவைத் தேடியது. அதற்குப் பிறகுதான் அந்த வரி என்ன சொல்கிறது என்பது எனக்குள் இறங்கியது. என் தம்பி ஒரு பிள்ளையைக் குத்தியிருக்கிறான் என்று சொல்கிறது.

கீழே இருந்த செய்தி நாலு வரி. கத்திக்குத்தில் ஒருவர் இறந்தார், மாணவருக்குச் சிகிச்சை, காவல்துறை விசாரணை. இறந்தது யார் என்று அதில் இல்லை. தலைப்பைத் தாண்டிப் படித்தவனுக்கும் அதிலிருந்து எதுவும் தெளிந்திருக்காது.

இரண்டு மணிக்கு மருத்துவமனை வரவேற்பறையின் தொலைக்காட்சியிலும் வந்துவிட்டது. அவர்களுக்கு இப்போது ஒரு சிக்கல். குத்தியவர் நூலகர் என்றால் செத்தவர் எப்படி நூலகர் ஆவார்? அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 'மாணவனைக் குத்திவிட்டுத் தன்னையும் குத்திக்கொண்டாரா நூலகர்?' என்று சிவப்புப் பட்டையில் ஓடியது.

கமா திரையைப் பார்த்தபடி மிக மெதுவாக, "கேள்விக்குறி" என்றார்.

நூலக மேசையைக் காட்டினார்கள். அதன் மேல் புத்தகத்தின் ஓரம் வெட்டும் கத்தி இருந்தது. மரப்பிடி போட்டது, என் கண் முன்னால் அவன் எத்தனையோ தரம் சாணை பிடித்திருக்கிறான். அதைச் சுற்றி வட்டம் போட்டார்கள். 'நூலகர் அறையில் ஆயுதம்.' பிறகு எங்கள் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையற்காரரைக் காட்டினார்கள். "அமைதியான ஆளு. யாருகிட்டயும் பேச மாட்டாரு" என்று சொன்னார், அதோடு முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, அக்காள் வீட்டில் இருப்பவர், எந்நேரமும் புத்தகம் என்று ஒரு பெண் குரல் அடுக்கியது. ஒவ்வொன்றும் உண்மை. வரிசையாகக் கேட்டபோது எனக்கே அந்த ஆளைப் பார்த்துப் பயமாக இருந்தது.

அச்சுப் பத்திரிகைக்குப் பக்கம் முடிப்பது சாயங்காலம் என்பது எனக்குத் தெரியும். அந்த வரி நாளைக் காலை காகிதத்திலும் வந்துவிட்டால் அதை யாரும் அழிக்க முடியாது. நாளை மறுநாள் அவனை எடுக்க வேண்டும். அவனைத் தூக்க நாலு பேர் வர வேண்டும். மகள் அந்தப் பள்ளிக்கே திரும்பப் போக வேண்டும். அவளைப் பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டேன். தம்பி பிணவறையில் இருந்தான். நான் ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். அவனைத் தனியாக விட்டுப் போனதை என்னால் இன்றும் சரி என்றும் சொல்ல முடியவில்லை, தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

வாசலில் காவலாளி நோட்டை நீட்டினார். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் 'தலைப்பு எழுதியவர்' என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'ஓர் எழுத்து' என்று எழுதினேன்.

"எழுத்தா? கதை கிதை கொண்டாந்தீங்களா?" என்றார். "கதைன்னா புதன்கெழம வாங்கம்மா. பெட்டில போட்டுட்டுப் போலாம்."

"கதை இல்லைங்க. ஒரு திருத்தம்."

"திருத்தம்னா ஈமெயில்."

"அண்ணே, இங்கயே நிக்கறேன். டீ குடிக்க யாராவது கீழ வருவாங்கல்ல?"

அவர் என் பின்னால் நின்ற கமாவையும் என் கைக்குட்டையையும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஃபோனை எடுத்து யாரிடமோ, "ஒரு அம்மா வந்திருக்காங்க, சண்ட போடற மாதிரி தெரியல, ஆனா போகவும் மாட்டாங்க போல" என்றார்.

இறங்கி வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏறியிருந்தது. கையில் பாதி தின்ற ரொட்டி. நான் ஃபோனைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி. நான் வேறு ஏதோ பெரிய விஷயத்துக்கு வந்திருப்பதாக நினைத்திருக்கிறார்.

"ஓ, இதுவா மேடம். தலைப்புல ஐ விழும். எங்க வழக்கம் அது. ஃபோன்ல ஒரு வரிக்கு இத்தன எழுத்துன்னு கணக்கு. 'நூலகரைக்' உக்காரல. 'சாலை மறித்த மக்கள்'னு போடறோம், 'பஸ் எரித்த கும்பல்'னு போடறோம். யாரும் ஒண்ணும் சொன்னதில்ல."

"பஸ் யாரையும் எரிக்காது சார். சாலை யாரையும் மறிக்காது. அதுக்கெல்லாம் ஐ இல்லாட்டியும் புரிஞ்சிடும். மனுஷனுக்கு ஐய எடுத்தீங்கன்னா அவன் செஞ்சவனாயிடுவான்."

மெல்லுவதை நிறுத்தினார். தன் ஃபோனில் அந்த வரியை எடுத்து, உதடு அசைய ஒருமுறை வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"நீங்க தமிழ் டீச்சரா?"

"மருந்துச் சீட்டுக்குப் பிழை பாக்கறவ. அந்த நூலகரோட அக்கா."

கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "அவரு இப்ப எப்படி…"

"பிணவறைல இருக்கான்."

இறந்தது யார் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பகுதி நிருபர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அனுப்பிய இரண்டு வரிக் குறுஞ்செய்திதான் அவரிடம் வந்தது. அந்தச் செய்தியில் ஐ இருந்திருக்கிறது. அவரே எனக்குக் காட்டினார். காட்டாமல் இருந்திருக்கலாம். காட்டினார் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ரொட்டியைக் காவலாளியின் மேசையிலேயே வைத்துவிட்டு மேலே ஓடினார். அரை மணிக்குள் இணையத்தில் ஐ வந்துவிட்டது. காலைப் பத்திரிகையில் சரியாகத்தான் வந்தது, நாலாம் பக்கத்தில். ஆனால் கீழே இறங்கி என்னிடம் சொல்ல வந்தபோதே அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"எங்க கிட்டருந்து பதினோரு எடத்துல எடுத்துப் போட்டிருக்காங்க மேடம். தப்ப எடுத்தவன் யாரும் திருத்தத்த எடுக்க மாட்டான். நான் ஃபோன் பண்ணிச் சொல்றேன். ஆனா…"

காவலாளியின் மேசையில் இருந்த ரொட்டியை எடுக்காமலே மறுபடி மேலே போனார்.

அவனை எடுத்த அன்று பதினான்கு பேர் வந்தார்கள். அதில் ஆறு பேர் எங்கள் அச்சகத்து ஆட்கள். பள்ளியிலிருந்து யாரும் இல்லை, தலைமை ஆசிரியையின் ஃபோன் அணைந்திருந்தது. எதிர்க் கட்டடத்து ஜன்னல்களில் திரைச்சீலைகள் அசைந்தன. படிக்கட்டுச் சுவரில் யாரோ கரியால் 'கொலைகாறன் வீடு' என்று எழுதியிருந்தார்கள். மகள் ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். கரி இன்னும் பரவியதே தவிரப் போகவில்லை.

"அம்மா, 'ர' கூடத் தப்பா போட்டிருக்கான்" என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

தையற்காரர் அளவு நாடா கழுத்தில் தொங்க மேலே வந்தார். வாசலுக்கு உள்ளே வரவில்லை.

"நான் அப்படிச் சொல்லலம்மா. 'அமைதியான ஆளு, வேண்டாத பேச்சு யாருகிட்டயும் பேச மாட்டாரு, என் பொண்ணுக்குக் கணக்கு சொல்லித் தந்ததே அவருதான்'னு சொன்னேன். முழுசா சொன்னேன். வெட்டிட்டாங்க. துணி வெட்டறவன் நான், என்னையே வெட்டிட்டாங்கம்மா."

"உள்ள வாங்கண்ணே."

"எப்படிம்மா வர்றது?" என்று அங்கேயே நின்றார். நாங்கள் தம்பியை இறக்கும்போது படி திரும்பும் இடத்தில் தோள் கொடுத்தார்.

நாலாம் நாள் காவல்துறை அறிக்கை கொடுத்தது. குத்தியது மாணவன், இறந்தது நூலகர், மாணவன் தேடி வந்தது கணக்கு ஆசிரியரை, நூலகர் வழியில் நின்றார். எல்லாம் ஒரே மத்தியானத்தில் புரண்டு படுத்தது. அதே சிவப்புப் பட்டையில், அதே குரலில், 'நாற்பது மாணவர்களின் உயிர் காத்த நூலகர்' என்று வந்தது. மரப்பிடிக் கத்தி காணாமல் போய் அந்த இடத்தில் புத்தக அலமாரி வந்தது. அமைதியானவர், கல்யாணம் ஆகாதவர், எந்நேரமும் புத்தகம் என்ற அதே மூன்றையும் மறுபடி சொன்னார்கள். இந்தத் தடவை அதெல்லாம் புண்ணியவானுக்கு உரிய லட்சணங்கள். அந்தப் பையன் 'சிரித்தபடியே குத்திய மிருகம்' ஆனான். முகத்தை மங்கலாக்கிப் போட்டார்கள், ஆனால் அவன் வீட்டு வாசலும் கதவு எண்ணும் தெளிவாகத் தெரிந்தன.

ஒரு நிருபர் வந்தாள். என் மகளைவிட எட்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். "அக்கா, தம்பி படத்தக் கையில வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கமா கொஞ்சம் திரும்புங்க. ஆங், கீழ பாருங்க."

"நாப்பது பேர்னு யாரு சொன்னாங்கம்மா?"

"ஸ்கூல்ல சொன்னாங்கக்கா. ஒரு கிளாஸுக்கு நாப்பது பேர்ல?"

"அது வகுப்பு. இது லைப்ரரி. அன்னிக்கு உள்ள ஆறு பேர் இருந்தாங்க."

அவள் கேமராக்காரனைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். "ஆறுன்னா கொஞ்சம்… பரவால்லக்கா, அத நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

பார்த்துக்கொண்டார்கள். நாற்பதாகவே வந்தது.

ஆறு என்று எனக்குத் தெரிந்தது மகளின் தோழி மூலம். தடித்த கண்ணாடி போட்ட பெண், வீட்டில் அவளைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி. ஒரு வாரம் கழித்து வந்தாள். சமையலறைத் தரையில் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலைப் பார்த்தபடியே சொன்னாள்.

வராந்தாவில் அந்தப் பையன் நடந்து வந்ததைத் தம்பி கதவு வழியாகப் பார்த்திருக்கிறான். எழுந்து வெளியே போய், கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறான். கதவில் மேல் பாதி கண்ணாடி, அதனால் உள்ளே கதவோரம் வந்து நின்றவர்களுக்குக் கீழே வரை தெரிந்தது. "டேய், வாடா, எவ்ளோ நாளாச்சு, புக்கு திருப்பிக் குடுக்க வந்தியா" என்று கேட்டானாம். அந்தப் பையனிடம் பள்ளிப் புத்தகம் ஒன்று இன்னும் இருந்திருக்கிறது. கையில் என்ன இருக்கிறது என்பதைத் தம்பி பார்த்தானா என்பது அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஏதோ பேசியிருக்கிறார்கள். பையன் ஒதுங்கிப் போகப் பார்த்தான், தம்பி தோளில் கை போட்டான். பிறகு தம்பி சுவரோரமாக உட்கார்ந்தான்.

"சிரிச்சானா அவன்?" என்று மகள் கேட்டாள்.

கண்ணாடி தலையை ஆட்டினாள். "இல்லடி. அவனும் பக்கத்துலயே உக்காந்துட்டான். சட்டையக் கழட்டி சார் வயித்துல வச்சு அமுக்கினான். 'சாரி சார், சாரி சார்'னு சொன்னான்."

அந்த ஆறு பேரில் இன்னொரு பையனையும் பின்னால் கேட்டேன். அவனுக்கு 'சார், சார்' என்று மட்டும்தான் கேட்டிருக்கிறது. சாரி கேட்கவில்லை. நடுவில் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. சட்டையைக் கழற்றி அமுக்கியதை இருவரும் பார்த்திருக்கிறார்கள். சிரித்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பையன் சிரித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். என் தம்பிக்காக ஓர் ஐயைத் தேடி ஓடிய கால்கள் இதற்கு நகரவில்லை. நாற்பது ஆறாகாவிட்டால் யாருக்கு என்ன என்றும் இருந்தது. தம்பியைப் பற்றி நல்லதாக ஒரு பொய் உலாவட்டுமே, அவன் பட்டதற்கு.

மூன்று வாரம் கழித்து அச்சக வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவின் நீலச் சீருடை. என் வயதுதான் இருக்கும். நான் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் யார் என்று கேட்காமலே எனக்கும் தெரிந்துவிட்டது.

"நான் எதுவும் கேட்டு வரல" என்றாள். பிறகு கேட்டாள். "லைப்ரரில இருந்த பொண்ணு உங்க வீட்டுக்கு வருமாமே. சிரிக்கலன்னு அது சொல்லிச்சாமே. வக்கீலு சொல்றாரு, பெரியவங்க மாதிரி கேச நடத்தறதா, சின்னப்பையனா வச்சு நடத்தறதான்னு இனிமேதான் முடிவு பண்ணுவாங்களாம். எல்லாரும் அந்தச் சிரிப்பத்தான் சொல்றாங்க."

நான் பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.

"அவன் செஞ்சது செஞ்சதுதான். அத இல்லன்னு சொல்ல நான் வரலம்மா. செய்யாதத மட்டும்…" சீருடையின் ஓரத்தைப் பிடித்து முகத்தைத் துடைத்தாள். "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். கமா மூலத்தைக் கையில் எடுத்தார், வாசிக்கவில்லை.

"போய்ச் சொல்லப் போறீங்களா?" குறி எதையும் வாய்விட்டுச் சொல்லாமல்தான் கேட்டார்.

"அவ கேட்டத அன்னிக்கு நானும் கேட்டேன் கமா. நான் கேட்டப்ப அந்த மனுஷன் ரொட்டியக் கீழ வச்சிட்டு மேல ஓடினாரு."

அன்று மாலையே மறுபடி பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். காவலாளி நோட்டை நீட்டாமலே மேலே அனுப்பினார். தலைப்புக்காரர் நாற்காலி போட்டார். நான் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நூலகத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். குத்திய பிறகு மாணவன் தன் சட்டையால் காயத்தை அமுக்கியதை இருவர் பார்த்திருக்கிறார்கள், அவன் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்களுக்கு எதிரா போகுமே. உங்க தம்பிக்கு இப்பதான் நல்ல பேரு."

"நல்ல பேரா இருக்கட்டும் சார். அவன் பேரா இருக்கணும்ல?"

"நாப்பதுன்னு நாங்க போடலயே. டிவிதான் போட்டாங்க. சிரிப்பும் அவங்க போட்டதுதான். அடுத்தவன் தப்புக்கு நாங்க எப்படித் திருத்தம் போடறது? ஆசிரியர் ஒத்துக்க மாட்டாரு. ஒரு மாசம் ஆகப்போவுது, யாரு படிப்பாங்க?"

"போன தடவ நீங்க போட்டதும் யாரும் படிக்கல. ஆனா போட்டீங்கல்ல?"

அவர் சிரித்தார், சந்தோஷமான சிரிப்பு இல்லை. 'வாசகர் கடிதம்' பகுதிக்குக் கொடுக்கிறேன் என்றார். கொடுத்தார். வந்தது. இடம் போதாமல் வெட்டியிருந்தார்கள். சட்டை இருந்தது, ஆறு இல்லை. அவர் வெட்டவில்லை என்று ஃபோனில் சொன்னார். நம்புகிறேன்.

அந்தத் துண்டை வெட்டி, கண்ணாடியின் அப்பாவிடம் பேசி, அவளையும் அவரையும் கூட்டிக்கொண்டு குத்திய பையனின் வக்கீல் ஆபீசுக்குப் போனேன். அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். 'சாரி' என்று அவள் சொன்ன இடத்தில், இன்னொரு பையனுக்கு 'சார்' என்றுதான் கேட்டது என்பதையும் எழுதச் சொன்னேன். வக்கீல் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். குத்திய பையனைச் சிறுவர் நீதிமன்றத்திலேயே வைத்து விசாரிக்கிறார்கள். அந்த வாக்குமூலத்தால்தானா என்று எனக்குத் தெரியாது. நான் அவனை மன்னித்துவிட்டேனா என்று நிருபர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நான் மன்னிக்கவில்லை.

வருஷம் முடிந்தபோது பள்ளியில் நூலக வாசலில் கல் பதித்தார்கள். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரையை விலக்கினார்கள். 'நாற்பது மாணவர்களைக் காக்கத் தன்னுயிர் ஈந்த' என்று இருந்தது. ஐ சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருந்தது, ஒற்றும் இருந்தது. அச்சுப் பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு, அது நாற்பது இல்லை, ஆறு என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார். "எங்களுக்கும் பின்னாலதான் தெரிஞ்சுது. கல்லுல வெட்டிட்டாங்க, இனி என்ன பண்றது? கேக்கவும் நல்லாத்தானே இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு எடுக்கறப்ப நான் வரலன்னு உங்களுக்குக் கோவம் இருக்கும்" என்றார்.

"இருக்கு டீச்சர்" என்றேன்.

புது நூலகர் எங்களை உள்ளே அழைத்துப் போனார். இளம் வயது, மரியாதையான பெண். நாங்கள் கேட்காமலே போன வருஷத்து வருகைப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார். காவல் நிலையத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது, ஓரத்தில் முத்திரை. அந்தத் தேதிக்குப் புரட்டினேன். மேலே தேதியைத் தம்பி எழுதியிருக்கிறான். மூன்றாம் பாடவேளை என்று எழுதி அடிக்கோடு இழுத்திருக்கிறான். அதன் கீழே நீல மையிலும் கறுப்பு மையிலும், ஒன்று மட்டும் பென்சிலிலும், ஆறு கையெழுத்துகள் இருக்கின்றன.